எலும்பு எவ்ளோ பலமா இருக்கு, உடையுற ஆபத்து எவ்ளோ: டி ஸ்கோரோட நிக்காம முழுசா பாக்குறது எப்படி

அம்மாவுக்கு மொதமொதல்ல எலும்போட அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்தப்போ முதுகெலும்புக்கு டி ஸ்கோர் மைனஸ் 2.0ன்னு வந்துச்சு. கீழ ஒரே வரியில ஆஸ்டியோபீனியான்னு எழுதியிருந்தாங்க, சரி லேசான குறைவுதானே, கால்சியம் மாத்திரை போட்டா போதும்னு நாங்களும் ரிப்போர்ட்ட ஃபைல்ல வச்சுட்டு இருந்துட்டோம். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு பக்கெட் தண்ணிய தூக்குறப்போ முதுகுல சுருக்குன்னு ஒரு வலி, படுத்தா எந்திரிக்க முடியல, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா டி12ங்கற எலும்பு புதுசா நசுங்கியிருக்கு, அதுக்கு ரெண்டு எலும்பு கீழ எல்2 எப்பவோ நசுங்கி அப்படியே இறுகிப் போயிருக்கு. அந்தப் பழைய நசுங்கல் மொத ஸ்கேன் ரிப்போர்ட்லயே இருந்துச்சு, பாக்கத் தெரிஞ்சவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க. அத எப்படிப் பாக்கணும்னு கீழ வெவரமா சொல்றேன்.

அதுக்கப்புறம் நான் உக்காந்து படிச்சது, டாக்டர்கிட்ட கேட்டுக் கேட்டு தெரிஞ்சுகிட்டது எல்லாத்தையும் புதுசா இதுக்குள்ள வர்றவங்களுக்காக எழுதுறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், டி ஸ்கோர்ங்கறது எலும்போட அடர்த்திய பத்தின ஒரு நம்பர், அவ்ளோதான். எலும்பு உடையுமா உடையாதாங்கறதுக்கு அந்த ஆளோட வயசு, ஏற்கனவே உடைஞ்சிருக்கா, என்ன மாத்திரை சாப்புடுறாங்க, எத்தன தடவ கீழ விழுறாங்க, இதெல்லாம் சேந்துதான் பதில் வரும். எலும்பு முறிஞ்சு வர்றவங்கள்ல பாதிக்கும் மேல டி ஸ்கோர் மைனஸ் 2.5க்கு கீழ போகாதவங்கதான், அதாவது ஸ்கேன் கணக்குப்படி இன்னும் ஆஸ்டியோபொரோசிஸே வராதவங்க.

பேரு கொழப்பம் மொதல்ல தீரட்டும்

தமிழ்ல எல்லாத்தையும் எலும்புத் தேய்மானம்னு சொல்லிப் பழகிட்டோம், அதுல ரெண்டு வேற வேற நோய் கலந்து கெடக்கு. மூட்டுல இருக்குற குருத்தெலும்பு தேஞ்சு நடக்குறப்போ முட்டி வலிக்குதே, அது ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். எலும்புக்குள்ளயே அடர்த்தி கொறஞ்சு உள்ள புரையோடிப் போறது ஆஸ்டியோபொரோசிஸ், எலும்புப்புரைன்னு எழுதுவாங்க. மொதலாவது வலிக்கும், ரெண்டாவது உடையுற வரைக்கும் வலிக்கவே வலிக்காது. எனக்கு மூட்டு வலி இல்ல, அதனால எலும்பு நல்லாத்தான் இருக்குன்னு யாராவது சொன்னா அந்தக் கணக்கு செல்லாது. டாக்டர் தேய்மானம்னு சொன்னா எந்தத் தேய்மானம்னு அங்கயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

எலும்போட பலம்னா என்ன

2000ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் கூட்டுன ஒரு நிபுணர் கூட்டத்துல எலும்போட பலத்த ரெண்டா பிரிச்சாங்க, ஒண்ணு அடர்த்தி, இன்னொண்ணு தரம். அடர்த்தின்னா எவ்ளோ தாது இருக்குங்கறது. தரம்னா அந்தத் தாது எந்த அமைப்புல அடுக்கியிருக்கு, எவ்ளோ வேகமா எலும்பு கரைஞ்சு திரும்ப உருவாகுது, உள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெடிப்பு சேந்திருக்கா, எலும்ப இழுத்துப் புடிச்சு வச்சிருக்குற கொலாஜன்ங்கற புரதம் நல்லா இருக்கா, இந்த மாதிரி.

இது ஏன் முக்கியம்னு புரியணும்னா முதுகெலும்போட உள்பக்கத்த நெனச்சுப் பாருங்க, அது கெட்டியான கட்டை இல்ல, நெட்டுக்குத்தா நிக்கிற மெல்லிசான தூண்கள், அத ஒண்ணோட ஒண்ணு புடிச்சு வச்சிருக்குற குறுக்குச் சட்டங்கள், சாரம் கட்டுன மாதிரி இருக்கும். வயசாகுறப்போ, அதுலயும் பீரியட்ஸ் நின்ன பிறகு, அந்தக் குறுக்குச் சட்டங்கதான் மொதல்ல அறுந்து போகும். ஒல்லியான ஒரு தூண் நடுவுல ஒரு புடிமானத்தோட நிக்குதுன்னு வைங்க, அந்தப் புடிமானத்த எடுத்துட்டா தூணோட தனி நீளம் ரெண்டு மடங்காகுது, அப்போ வளையாம அது தாங்குற எடை பாதியா கொறையல, நாலுல ஒரு பங்கா கொறையுது. தாது கொஞ்சமாத்தான் போயிருக்கும், பலம் நெறைய போயிருக்கும். ஸ்கேன்ல அடர்த்தி லேசா கொறஞ்ச மாதிரி தெரிஞ்ச எலும்பு ஒரு பக்கெட் தண்ணிக்கு நசுங்குனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனுக்கு முன்னாடி வீட்டுலயே செய்ய வேண்டியது

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. இந்த வேலைக்கு பைசா செலவில்ல, ஆனா மெஷின் சொல்லாத பாதி விஷயம் இதுலதான் கெடைக்கும்.

மொதல்ல உயரம். செருப்பில்லாம குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூணும் சுவத்துல படுற மாதிரி நிக்க வச்சு, தலை மேல ஒரு தட்டையான புத்தகத்த சுவத்தோட சரியா மட்டமா வச்சு பென்சில்ல கோடு போடுங்க, மூணு தடவ அளந்து சராசரி எடுங்க. காலையில அளந்தா எப்பவும் காலையிலயே அளக்கணும், ஏன்னா சாயங்காலம் ஆனா எல்லாருக்குமே உயரம் கொஞ்சம் கொறையும். அப்புறம் இருவது வயசுல எவ்ளோ உயரம் இருந்தாங்கன்னு பழைய ஆவணம் ஏதாவது கெடைக்குதான்னு பாருங்க. அன்னைக்கு இருந்தத விட 4 சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல கொறஞ்சிருந்தா, இல்ல ரெண்டு செக்கப்புக்கு நடுவுல 2 சென்டிமீட்டர் கொறஞ்சிருந்தா முதுகெலும்பு எதாவது நசுங்கியிருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணும். அம்மாவுக்கு 5 சென்டிமீட்டர் கொறஞ்சிருந்துச்சு. மேல் தட்டுல இருக்குற டப்பா எட்டலன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தாங்க, நாங்கதான் ஸ்டூல் போட்டு எடுத்துக் குடுத்துட்டு இருந்தோம்.

அதே சுவத்துல நிக்கிறப்போ தலையோட பின்பக்கம் சுவத்துல படுதான்னும் பாருங்க. முகத்த நேரா வச்சும் பின்னந்தலை படாம இடைவெளி இருந்தா நெஞ்சுப் பக்க முதுகெலும்பு நசுங்கி கூன் விழுந்திருக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் பின்னாடி நின்னு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்போட மேல்விளிம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையுதான்னு பக்கவாட்டுல தொட்டுப் பாருங்க, ரெண்டு விரல் அகலம் கூட இல்லன்னா அதையும் எழுதிக்கோங்க. இது எதுவுமே நோய் இருக்குன்னு தீர்ப்பு இல்ல, படம் எடுக்கச் சொல்லிக் கேக்குறதுக்கான காரணம்.

அடுத்து முறிவுக் கதை. 50 வயசுக்கு மேல நின்ன உயரத்துலேர்ந்து, அல்லது அதவிட கொறஞ்ச உயரத்துலேர்ந்து விழுந்து எலும்பு உடைஞ்சிருந்தா அது சாதாரண விபத்து இல்ல, அதுதான் பலவீனத்தால வந்த முறிவு. கை ஊனி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது, தோள் உடைஞ்சது, இதெல்லாம் கணக்குல வரும், கை கால் விரல், முகம், மண்டை ஓடு கணக்குல வராது. எந்த மாசம் எந்த வருஷம்னு எழுதுங்க, ஏன்னா ஒரு முறிவு ஆன பிறகு வர்ற ரெண்டு வருஷத்துலதான் அடுத்த முறிவுக்கான ஆபத்து ரொம்ப அதிகம். இடுப்போ முதுகெலும்போ இப்படி லேசான காரணத்துக்கு உடைஞ்சிருந்தா டி ஸ்கோர் என்னவா இருந்தாலும் அத ஆஸ்டியோபொரோசிஸாவே எடுத்து வைத்தியம் பண்ணணும்னுதான் வழிகாட்டுதல்கள்ல பல சொல்லுது. அம்மா அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்துச்சான்னும் கேட்டு எழுதுங்க.

மாத்திரை லிஸ்ட்ல மொதல்ல தேட வேண்டியது ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் தினம் 5 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ மூணு மாசம் தாண்டி சாப்பிட்டிருந்தா அது பெரிய விஷயம். அதோட மார்பகப் புற்றுநோய்க்கு குடுக்குற அரோமடேஸ் தடுப்பு மாத்திரை, ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு போடுற ஹார்மோன் ஊசி, சில வலிப்பு மாத்திரைகள், வருஷக்கணக்குல சாப்புடுற வயித்து அமில மாத்திரை. நோய்கள்ல தைராய்டு அதிகமா சுரக்குறது, ரத்தத்துல கால்சியத்த கட்டுப்படுத்துற பாராதைராய்டு சுரப்பியில கோளாறு, சிறுநீரக நோய், சக்கரை, ருமடாய்டு ஆர்த்ரைடிஸ், சாப்பாடு சத்து ஒட்டாத குடல் நோய்கள். பெண்களுக்கு 45 வயசுக்கு முன்னாடியே பீரியட்ஸ் நின்னிருந்தா அந்த வயசையும் எழுதணும், கர்ப்பப்பையோட சேத்து முட்டைப்பைய எடுத்திருந்தாலும் அந்த வயசு முக்கியம்.

ஸ்கேன் அன்னைக்கு

டெக்ஸாங்கறது ரெண்டு வேற வேற சக்தியில எக்ஸ்ரே கதிர் அனுப்பி எலும்பையும் சதையையும் தனித்தனியா பிரிச்சு எலும்புல எவ்ளோ தாது இருக்குன்னு கணக்குப் போடுற மெஷின். பயப்பட ஒண்ணும் இல்ல, இதுல படுற கதிர்வீச்சு ரொம்பக் கம்மி, ஒரு நாள் முழுக்க இயற்கையாவே நம்ம மேல படுற அளவோட ஒப்பிடலாம், ஆனா கர்ப்பமா இருக்கவங்களுக்கு எடுக்க மாட்டாங்க. கால்சியம் மாத்திரைய 24 மணி நேரம் முன்னாடி நிறுத்திடுங்க, கரையாத மாத்திரை வயித்துல இருந்தா முதுகெலும்பு படத்து மேல விழுந்து அடர்த்திய கூட்டிக் காட்டிடும். பேரியமோ சாயமோ குடுத்து ஸ்கேன் எடுத்திருந்தா, ஐசோடோப் ஸ்கேன் எடுத்திருந்தா, கொஞ்ச நாள் தள்ளிப் போடணும், அத அப்பாயிண்ட்மெண்ட் வாங்குறப்பவே சொல்லிடுங்க. உலோக ஜிப், பக்கிள், பட்டன் எதுவும் வேணாம்.

படுக்க வச்சு முதுகுக்கு எடுக்குறப்போ கால தூக்கி ஒரு பெட்டி மேல வைப்பாங்க, முதுகோட வளைவு நேராகணும்னு. இடுப்புக்கு எடுக்குறப்போ பாதத்த உள்பக்கமா திருப்பி கட்டி வைப்பாங்க, 15லேர்ந்து 25 டிகிரி வரைக்கும், அப்போதான் தொடை எலும்போட கழுத்து முழு நீளத்துக்கும் படத்துல விழும். பாதத்த திருப்பாம அப்படியே எடுத்தா நம்பர் மாறிப் போயிடும், அதனால கால கட்டலன்னா தயங்காம கேளுங்க. இடுப்பு, முதுகு ரெண்டு எடத்துலயும் எடுக்கணும். பாராதைராய்டு பிரச்சன இருந்தாலோ, இடுப்புல செயற்கை மூட்டு, முதுகுல ஸ்க்ரூ இருந்து அந்த எடங்கள அளக்க முடியலன்னாலோ முன்கை எலும்புல எடுப்பாங்க.

ரிப்போர்ட்ட படிக்கிறது

இங்கதான் நெறைய பேர் கடைசி வரிய மட்டும் படிச்சுட்டு மூடி வச்சுடுறாங்க, நாங்களும் அதத்தான் பண்ணோம். மேலேர்ந்து வாங்க.

ரிப்போர்ட்ல நெஜமா அளந்த நம்பர் கிராம் கணக்குலதான் இருக்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தன கிராம்னு. டி ஸ்கோர் அதுலேர்ந்து போட்ட கணக்கு, 20லேர்ந்து 29 வயசு வரைக்கும் உள்ள பெண்களோட சராசரியிலேர்ந்து நீங்க எத்தன படி தள்ளி இருக்கீங்கன்னு சொல்லுது. படின்னா புள்ளியியல்ல சொல்ற நியம விலகல். ஹோலாஜிக்ங்கற கம்பெனியோட மெஷின்ல தொடை எலும்போட கழுத்துக்கு அந்த சராசரி 0.858, ஒரு படி 0.120, அப்போ மைனஸ் 2.5ன்னா 0.558 கிராம். மைனஸ் 2.5ன்னா எலும்பு ரெண்டரை சதவீதம் கொறஞ்சிருக்குன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, கணக்குப் போட்டுப் பாருங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல கொறஞ்சிருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 1994ல வச்ச அளவுகோல் இது: மைனஸ் 1.0 வரைக்கும் சரி, மைனஸ் 1.0க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவுல இருந்தா ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபொரோசிஸ். இது பீரியட்ஸ் நின்ன பெண்களுக்கும் 50 தாண்டின ஆண்களுக்கும்தான். அதுக்கு கம்மி வயசுக்காரங்களுக்கு இசட் ஸ்கோர பாக்கணும், அது ஒங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டது, மைனஸ் 2.0 அல்லது அதுக்கு கீழ இருந்தா இந்த வயசுக்கு இருக்க வேண்டியத விட கம்மின்னு அர்த்தம், ஏன் கம்மின்னு காரணம் தேடணும். முப்பது வயசுப் பொண்ணுக்கு டி ஸ்கோர மட்டும் வச்சு ஆஸ்டியோபொரோசிஸ்னு சொல்லி பயமுறுத்துறது தப்பு.

முதுகெலும்பு, இடுப்பு மொத்தம், தொடைக் கழுத்து, இந்த மூணுல எது ரொம்பக் கம்மியோ அத வச்சுத்தான் முடிவு. இடுப்புப் படத்துல வார்ட்ஸ்னு ஒரு எடத்தோட நம்பர் சில ரிப்போர்ட்ல இருக்கும், அது எப்பவுமே பயங்கரமா கம்மியா தெரியும், அத வச்சு முடிவு பண்ணக் கூடாது, விட்டுடுங்க.

இப்போ அம்மாவோட ரிப்போர்ட்டுக்கு வர்றேன். முதுகுக்கு எல்1லேர்ந்து எல்4 வரைக்கும் நாலு எலும்பையும் தனித்தனி வரியா போட்டு கடைசியில மொத்தம் போட்டிருப்பாங்க. அம்மாவுக்கு எல்1 மைனஸ் 2.8, எல்2 மைனஸ் 0.3, எல்3 மைனஸ் 2.7, எல்4 மைனஸ் 2.4, மொத்தம் மைனஸ் 2.0. எல்2 மட்டும் ஏன் இவ்ளோ நல்லா இருக்கு? நல்லா இல்ல, நசுங்கியிருக்கு. அதே தாது சின்ன எடத்துல அமுங்கிட்டா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கிராம் கூடுது, மெஷின் அத அடர்த்தின்னு எண்ணிக்குது. பக்கத்து எலும்போட டி ஸ்கோருக்கும் இதுக்கும் 1.0க்கு மேல வித்தியாசம் இருந்தா அந்த எலும்ப கணக்குலேர்ந்து எடுத்துட்டு மிச்சத்த வச்சுப் பாக்கணும்ங்கறதுதான் விதி, கொறஞ்சது ரெண்டு எலும்பாவது மிஞ்சணும். எல்2வ எடுத்துட்டுப் பாத்தா அம்மாவோட ஸ்கோர் மைனஸ் 2.6, ஆஸ்டியோபீனியா இல்ல, ஆஸ்டியோபொரோசிஸ். ஒரு வரிய கவனிக்காததால அஞ்சு மாசம் போச்சு.

அதனால ஒங்க ரிப்போர்ட்ல நாலு வரியையும் வெரல் வச்சுப் படிங்க. மேலேர்ந்து கீழ வர வர நம்பர் மெதுவா மாறுறது சகஜம், திடீர்னு ஒண்ணு மட்டும் தாண்டிக் குதிச்சா காரணம் கேளுங்க. நசுங்கல் மட்டும் இல்ல, வயசானவங்களுக்கு முதுகெலும்பு ஓரத்துல வளர்ற எலும்பு முள், முன்னாடி ஓடுற பெரிய ரத்தக்குழாய்ல படிஞ்ச சுண்ணாம்பு, இதெல்லாமும் அடர்த்திய பொய்யா கூட்டிக் காட்டும். 65, 70 தாண்டினவங்களுக்கு முதுகு நம்பர விட இடுப்பு நம்பர நம்புறதுதான் பத்திரம்னு நான் நெனைக்கிறேன்.

இன்னொரு விஷயம், டெக்ஸா தட்டையான படம்தான் எடுக்குது, எலும்போட ஆழத்த அளக்கல. சின்ன உடம்புக்காரங்களுக்கு எலும்பும் சின்னதா இருக்கும், அவங்களுக்கு நெஜத்த விட கம்மியா காட்டும், பெரிய உடம்புக்காரங்களுக்கு கூடுதலா காட்டும். அப்புறம் ரெண்டாவது வகை சக்கரை இருக்கவங்களுக்கு அடர்த்தி நல்லாவே இருக்கும், சில சமயம் கூடவே இருக்கும், ஆனாலும் மத்தவங்கள விட அதிகமா உடையும், தரம்னு சொன்னேன்ல, பிரச்சன அங்க.

முதுகெலும்பு நசுங்கல தேடுறது

முதுகெலும்பு முறிவுகள்ல மூணுல ரெண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போயிடுது. வலி வந்தாலும் சுளுக்கு, வாயுன்னு விட்டுடுவோம். ஆனா அது ஒண்ணு இருந்தாலே அடுத்தது வர்ற ஆபத்து பல மடங்கு கூடுது, அதனால உயரம் கொறஞ்சவங்க, கூன் விழுந்தவங்க, ஸ்டீராய்டு சாப்புடுறவங்க, ஸ்கோர் கம்மியா இருக்குற வயசானவங்க பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். டெக்ஸா மெஷின்லயே பக்கவாட்டுப் படம் எடுக்குற வசதி சிலதுல இருக்கு, விஎஃப்ஏன்னு சொல்வாங்க, அதுல கதிர்வீச்சும் கம்மி. எலும்போட உயரம் 20லேர்ந்து 25 சதவீதம் கொறஞ்சிருந்தா லேசு, 25லேர்ந்து 40 நடுத்தரம், 40க்கு மேல கடுமைன்னு தரம் பிரிப்பாங்க. ஏற்கனவே வேற எதுக்காவது நெஞ்சு எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்திருந்தா அதையும் எடுத்துட்டுப் போய் முதுகெலும்ப பாக்கச் சொல்லுங்க, புதுசா எடுக்காமலே விஷயம் தெரியலாம்.

ஃப்ராக்ஸ் கணக்கு

பிரிட்டன்ல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துல ஜான் கேனிஸ் தலைமையில உருவாக்கி 2008ல வெளியிட்ட, எலும்பு உடையுற ஆபத்து எவ்ளோன்னு சொல்ற கணக்கு இது, நெட்ல இலவசமா கெடைக்குது. 40லேர்ந்து 90 வயசு வரைக்கும், இன்னும் எலும்பு பலப்படுத்துற மருந்து ஆரம்பிக்காதவங்களுக்கானது. நாட்ட தேர்ந்தெடுத்துட்டு வயசு, ஆணா பெண்ணா, எடை, உயரம், முன்னாடி முறிவு, அம்மா அப்பாவுக்கு இடுப்பு முறிவு, இப்போ சிகரெட் பழக்கம், ஸ்டீராய்டு, ருமடாய்டு ஆர்த்ரைடிஸ், எலும்ப பலவீனமாக்குற வேற நோய், தினம் மூணு யூனிட்டோ அதுக்கு மேலயோ மது, கடைசியா தொடைக் கழுத்தோட அடர்த்தி, இதெல்லாம் போடணும். ஸ்கேன் எடுக்காதவங்க அந்தக் கடைசிய காலியா விட்டும் போடலாம், ஸ்கேன் தேவையான்னு முடிவு பண்ணவே அது ஒதவும்.

பதில் ரெண்டு சதவீதமா வரும், அடுத்த 10 வருஷத்துல முதுகு, இடுப்பு, முன்கை, தோள் இதுல ஏதாவது உடைய எவ்ளோ வாய்ப்பு, இடுப்பு மட்டும் உடைய எவ்ளோ வாய்ப்புன்னு. 18 சதவீதம்னு வந்தா ஒங்கள மாதிரியே இருக்குற நூறு பேர்ல சுமாரா பதினெட்டு பேருக்கு 10 வருஷத்துல முறிவு வரலாம்னு அர்த்தம், எலும்பு 18 சதவீதம் தேஞ்சிருக்குன்னு இல்ல. எத்தன சதவீதத்துல மருந்து ஆரம்பிக்கணும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவுல ஆஸ்டியோபீனியாவுல இருக்கவங்களுக்கு மொத்தம் 20 அல்லது இடுப்புக்கு 3 சதவீதம்னு கோடு போட்டிருக்காங்க, பிரிட்டன்ல வயசுக்குத் தகுந்த மாதிரி கோடு மாறுது. வயசு இதுல எவ்ளோ கனமா வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா எல்லா வெவரத்தையும் அப்படியே வச்சுட்டு வயச மட்டும் 55லேர்ந்து 75க்கு மாத்திப் பாருங்க, ஒரே டி ஸ்கோர்தான், இடுப்பு ஆபத்து எங்கயோ போயிடும்.

இது விட்டுடுற விஷயங்கள் தெரிஞ்சிருக்கணும். கீழ விழுறத கேக்காது. முறிவு ஒண்ணா மூணா, போன மாசமா இருவது வருஷம் முன்னாடியான்னு கேக்காது. முதுகெலும்பு அடர்த்திய எடுத்துக்காது. ஸ்டீராய்டு எவ்ளோ டோஸ்னு கேக்காது, தினம் 7.5 மில்லிகிராமுக்கு மேலன்னா வந்த பதில்ல மொத்த ஆபத்த 15 சதவீதமும் இடுப்பு ஆபத்த 20 சதவீதமும் கூட்டிக்கணும், அதாவது 10ன்னு வந்தா மொத்தம் 11.5, இடுப்புன்னா 12. ரெண்டாவது வகை சக்கரைக்கும் தனிக் கட்டம் இல்ல, ருமடாய்டு கட்டத்த அதுக்குப் பதிலா டிக் பண்ணி பாக்குற வழக்கம் டாக்டர்கள்கிட்ட இருக்கு. கீழ விழுறதையும் முறிவு எண்ணிக்கையையும் சேத்துக்கிற கார்வன்னு இன்னொரு கணக்கு ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்திருக்கு, அதையும் போட்டுப் பாக்கலாம்.

கீழ விழுற ஆபத்து

எலும்பு தானா உடையுறது கம்மி, இடுப்பு முறிவுகள்ல பெரும்பாலானது விழுந்துதான் ஆகுது, அதுலயும் பக்கவாட்டுல இடுப்பு தரையில மோதி. அதனால போன ஒரு வருஷத்துல எத்தன தடவ விழுந்தாங்கன்னு கேளுங்க, விழுந்தீங்களான்னு கேட்டா பெரியவங்க இல்லன்னுதான் சொல்வாங்க, தடுக்குச்சா, வழுக்குச்சா, தடுமாறி சுவத்த புடிச்சீங்களான்னு கேட்டாத்தான் கதை வெளிய வரும்.

ஒரு சின்ன டெஸ்ட் வீட்டுலயே பண்ணலாம். நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், எப்பவும் நடக்குற வேகத்துலதான். ஃபோன்ல நேரம் பாருங்க, பக்கத்துல ஒருத்தர் கட்டாயம் நிக்கணும். 12 வினாடியோ அதுக்கு மேலயோ ஆனா விழுற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கணும். நேரத்த மட்டும் பாக்காதீங்க, எந்திரிக்கிறப்போ கைய ஊனுறாங்களா, திரும்புறப்போ தடுமாறுறாங்களா, கால தேய்ச்சு நடக்குறாங்களான்னும் பாருங்க. அம்மாவுக்கு 16 வினாடி ஆச்சு, நடையில ஒண்ணும் இல்ல, எந்திரிக்கிறதுக்குத்தான் நாலு வினாடி, அப்பதான் தொடைல பலமே இல்லன்னு தெரிஞ்சுது, பிசியோதெரபி ஆரம்பிச்சோம். அதோட தூக்க மாத்திரை, எந்திரிச்சா பிரஷர் எறங்குறது, கண் பார்வை, இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ரத்த டெஸ்ட் எதுக்கு

அடர்த்தி கம்மின்னு ஸ்கேன் சொல்லும், ஏன்னு சொல்லாது. விட்டமின் டி ரொம்பக் கொறஞ்சு வர்ற ஆஸ்டியோமலேசியாவுலயும் ஸ்கேன் இதே மாதிரிதான் வரும், ஆனா வைத்தியம் வேற. அதனால கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின், விட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இதெல்லாம் பாப்பாங்க. வயசானவங்களுக்கு ரத்தசோகையோட முதுகெலும்பு நசுங்கியிருந்தா மல்டிபிள் மைலோமாங்கற ரத்தப் புற்றுநோய் இருக்கான்னு புரத டெஸ்ட் கட்டாயம், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் பாக்குறதுண்டு. சிடிஎக்ஸ், பி1என்பின்னு எலும்பு கரையுற வேகத்தையும் உருவாகுற வேகத்தையும் காட்டுற டெஸ்ட் இருக்கு, அது நோய கண்டுபிடிக்க இல்ல, மருந்து வேலை செய்யுதான்னு பாக்க. சிடிஎக்ஸுக்கு காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்.

மத்த மெஷின்கள பத்தி சுருக்கமா

குதிகால்ல வச்சு ஒரு நிமிஷத்துல பாக்குற அல்ட்ராசவுண்ட் கேம்ப்கள்ல நடக்கும், அதுல வர்ற டி ஸ்கோரும் டெக்ஸா டி ஸ்கோரும் ஒண்ணு இல்ல, அத வச்சு நோய் இருக்குன்னோ இல்லன்னோ முடிவு கட்டாதீங்க, மருந்தும் ஆரம்பிக்காதீங்க. டிபிஎஸ்னு ஒண்ணு இருக்கு, அதே டெக்ஸா முதுகுப் படத்தோட இழையமைப்ப அலசி உள்ள சாரம் எப்படி இருக்குன்னு ஒரு மதிப்பு குடுக்கும், 1.31க்கு மேல நல்லது, 1.23க்கு கீழ சிதைஞ்சதுன்னு பொதுவா எடுத்துக்குறாங்க, ஃப்ராக்ஸ் கணக்குலயும் சேக்கலாம். சக்கரை இருக்கவங்களுக்கும் ஸ்டீராய்டு சாப்புடுறவங்களுக்கும் இது இருந்தா கேட்டு வாங்குங்க. க்யூசிடிங்கறது சிடி ஸ்கேன்ல எலும்பு அடர்த்திய பாக்குறது, ஆழத்தையும் சேத்து அளக்கும், முதுகுல எலும்பு முள் இருந்தாலும் உள்பகுதிய மட்டும் தனியா பாக்கும், ஆனா கதிர்வீச்சு டெக்ஸாவ விட அதிகம்.

திரும்ப எடுக்குறப்போ

மருந்து ஆரம்பிச்சா ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷத்துல திரும்ப ஸ்கேன் எடுப்பாங்க. அதே எடம், அதே மெஷினா இருக்கணும், ஒரு கம்பெனி மெஷினோட நம்பரையும் இன்னொரு கம்பெனி மெஷினோட நம்பரையும் நேரா ஒப்பிட முடியாது. ஒப்பிடுறப்போ டி ஸ்கோர விட்டுட்டு கிராம் நம்பர எடுங்க. ஒரே ஆள ஒரே நாள்ல ரெண்டு தடவ எடுத்தாலே நம்பர் கொஞ்சம் மாறும், அந்தப் பிழைய 2.77ஆல பெருக்குனா வர்ற அளவுக்கு மேல மாறியிருந்தாத்தான் நெஜமாவே மாறியிருக்குன்னு எடுத்துக்கணும். ஸ்கேன் சென்டர்ல அவங்களோட இந்த அளவு என்னன்னு கேளுங்க, முதுகுக்கு 5.3 சதவீதம், மொத்த இடுப்புக்கு 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது சர்வதேச டென்சிட்டோமெட்ரி சங்கத்தோட வரையறை.

அம்மாவுக்கு ரெண்டாவது ஸ்கேன்ல இடுப்பு 2 சதவீதம் கொறஞ்ச மாதிரி வந்துச்சு. மருந்து வேலை செய்யலன்னு அம்மா அழுதுட்டாங்க. சென்டர்ல கேட்டோம், 2.77ஆல பெருக்கி வர்ற அவங்களோட அந்த அளவு இடுப்புக்கு 4.1 சதவீதம், அப்போ இந்த 2 சதவீதம் மாற்றமே இல்ல. சிடிஎக்ஸ் பாதிக்கும் கீழ எறங்கியிருந்துச்சு, உயரம் ஒரு மில்லிமீட்டர் கூட கொறையல, புதுசா நசுங்கல் இல்ல, நாற்காலி டெஸ்ட் 11 வினாடிக்கு வந்துடுச்சு. டாக்டர் மருந்த மாத்தாம அப்படியே தொடரச் சொன்னாங்க. இப்போ சுவத்துல பென்சில் கோடு போட்டு பக்கத்துல தேதியும் எழுதி வச்சிருக்கோம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அம்மாவே செருப்ப கழட்டிட்டு வந்து நிக்கிறாங்க.